இளம் விண்மீனின் தூசி வட்டைப் பார்ப்பது எப்படி: டிடபிள்யூ ஹைட்ரேவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தூசி வட்டு என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது எச்எல் டௌ விண்மீனின் ஆரஞ்சு நிற வளையப் படம்தான். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்மா என்ற மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கித் தொகுப்பு எடுத்தது. 2014 நவம்பரில் வெளியானது. அதைப் பார்த்து மயங்கி இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலரும் படத்திலேயே தொடங்குகிறார்கள். வளையங்களை எண்ணுகிறார்கள், இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு கோளை உட்கார வைக்கிறார்கள். என் கருத்தில் இது தலைகீழ் வரிசை. படம் கடைசியில் வர வேண்டியது. வட்டு என்று ஒன்று இருக்கிறது, அது எவ்வளவு கனம், நடுவில் ஓட்டை உண்டா, விண்மீன் அதிலிருந்து இன்னும் பொருளை இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் வானியலாளர்கள் படம் எடுக்க முடியாத காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வழியில் ஒருமுறை நடந்துவிட்டுப் படத்துக்கு வந்தால், படத்தில் தெரிவது என்ன, தெரியாதது என்ன என்று புரியும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விண்மீனைப் பிடித்துக்கொண்டு போகிறது: டிடபிள்யூ ஹைட்ரே. தேவையானவை இணைய இணைப்புள்ள கணினி, கணக்குப் போட ஒரு விரிதாள், இயன்றால் எட்டு அங்குலத் தொலைநோக்கி. தொலைநோக்கி இல்லாதவர்கள் மூன்றாவது, நான்காவது படிகளைக் காப்பகத் தரவை வைத்தே செய்யலாம்.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம்

சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் பிறந்து முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளில் அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த தட்டையான வட்டு சுழன்றுகொண்டிருக்கும். இப்படிப்பட்ட விண்மீன்களுக்கு டி டௌரி விண்மீன்கள் என்று பெயர். ஆல்ஃபிரட் ஜாய் 1945இல் இவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். வட்டின் வாயு மெல்ல உள்நோக்கி நகர்கிறது. ஆனால் அது விண்மீனின் பரப்பை நேராகப் போய்த் தொடுவதில்லை. விண்மீனின் காந்தப்புலம் சில விண்மீன் ஆரங்களுக்கு வெளியிலேயே வட்டைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பரப்பில் விழுகிறது. விழுந்த இடம் விண்மீனின் மற்றப் பரப்பைவிடச் சூடாகி நீல ஒளியும் புற ஊதா ஒளியும் வீசுகிறது.

தூசிக்குக் கதை வேறு. சுமார் 1500 கெல்வினுக்கு மேல் தூசித்துகள் ஆவியாகிவிடும். அதனால் விண்மீனுக்கு மிக அருகில் தூசி இருக்காது, வாயு மட்டும்தான். அதற்கு வெளியே, சூடான தூசி அண்மை அகச்சிவப்பில் ஒளிரும். இன்னும் தள்ளி, சில நூறு கெல்வினில் இருக்கும் தூசி 10 மைக்ரான் பக்கம் ஒளிரும். வட்டின் வெளிப்பகுதியில் 20 கெல்வினில் உறைந்து கிடக்கும் தூசியை மில்லிமீட்டர் அலைகளில்தான் பிடிக்க முடியும். ஆக, எந்த அலைநீளத்தில் பார்க்கிறீர்கள் என்பதுதான் வட்டின் எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்கள் என்பதை முடிவுசெய்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு சோறும் வேறு பதத்தில் இருக்கிறது.

படி 1: விண்மீனைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தூரம், சாய்வு, உங்கள் ஊரின் அட்சரேகை.

டிடபிள்யூ ஹைட்ரே சுமார் 60 பார்செக், அதாவது 196 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வாயு நிறைந்த வட்டுள்ள இளம் விண்மீன்களில் நமக்கு மிக அருகில் இருப்பவற்றுள் இதுவே முதன்மையானது. எச்எல் டௌ உள்ளிட்ட ரிஷப மேகக்கூட்ட விண்மீன்கள் இதைவிட இரு மடங்குக்கும் மேல் தள்ளி, 140 பார்செக் அளவில் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 80 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு. வட்டு வைத்திருக்கும் விண்மீனுக்கு இது முதிர்ந்த வயது. பெரும்பாலானவை இதற்குள் வட்டை இழந்திருக்கும். இன்னொரு வசதி, இதைச் சுற்றி மேகமே இல்லை. ருசின்ஸ்கியும் கிராட்டரும் 1983இல் இதை டி டௌரி வகை என்று காட்டியபோது, கரும்மேகம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் இது தனியாக நிற்பதே பெரிய புதிராக இருந்தது. நமக்கோ அது லாபம். இடையில் நின்று ஒளியைச் சிவக்கவைக்கும் தூசி கிட்டத்தட்ட இல்லாததால் திருத்தக் கணக்கு ஒன்று குறைகிறது.

வட்டின் சாய்வு வெறும் 5 முதல் 7 பாகை. கிட்டத்தட்ட நேர் மேலிருந்து பார்ப்பது போன்ற கோணம்.

அப்புறம் அட்சரேகை. இந்த விண்மீனின் நடுவரை விலக்கம், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் கோணம், தெற்கே 34.7 பாகை. திருச்சியிலிருந்து பார்த்தால் உச்சத்தில் 44 பாகை உயரத்துக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அதைவிட ஒரு பாகை கூடுதல். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இது அடிவானத்தை ஒட்டிய விவகாரம். லடாக்கின் ஹான்லே வானாய்வகத்தில் வானம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த விண்மீன் அங்கே 22 பாகையைத்தான் தொடும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு இது 43 பாகையில் கிடைக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் நள்ளிரவில் உச்சம். மாசி, பங்குனி இரவுகள் தமிழ்நாட்டில் பொதுவாகத் தெளிவாக இருக்கும் என்பதால் காலமும் ஒத்துவருகிறது.

படி 2: அகச்சிவப்பு உபரியைக் கணக்கிடுதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை, ஆனால் வட்டின் பாதிக் கதை இதிலேயே வந்துவிடும்.

ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையத்தின் சிம்பாட் தளத்தில் விண்மீனின் பெயரைக் கொடுத்து, வானத்தில் அதன் இடத்தைச் சொல்லும் ஆயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மையத்தின் விசியர் தளத்தில் அந்த ஆயங்களைச் சுற்றிச் சில ஆர்க்செகண்டு (பாகையில் 3600இல் ஒரு பங்கு) ஆரத்துக்குள் டூமாஸ், வைஸ் பட்டியல்களைத் தேடுங்கள். டூமாஸ் என்பது 1997 முதல் 2001 வரை முழு வானத்தையும் அண்மை அகச்சிவப்பில் அளந்த திட்டம். வைஸ் 2009 டிசம்பரில் ஏவப்பட்ட செயற்கைக்கோள், 3.4, 4.6, 12, 22 மைக்ரான் ஆகிய நான்கு பட்டைகளில் அளந்தது.

டிடபிள்யூ ஹைட்ரேவுக்கு டூமாஸ் தன் மூன்று அண்மை அகச்சிவப்புப் பட்டைகளில் தரும் பொலிவெண்கள்: ஜே 8.22, ஹெச் 7.56, கே 7.30. வைஸ் 12 மைக்ரானில் ஏறத்தாழ 4.5, 22 மைக்ரானில் ஏறத்தாழ 1.5. பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

வட்டே இல்லாத வெறும் விண்மீனாக இருந்தால் கே பட்டைக்கும் 22 மைக்ரானுக்கும் பொலிவெண் கிட்டத்தட்ட ஒன்றாக, 7ஐ ஒட்டி இருந்திருக்கும். இருப்பதோ 1.5. ஐந்தரை பொலிவெண் வித்தியாசம் என்றால் நூற்றைம்பது மடங்கு அளவு ஒளி உபரி. அந்த உபரி விண்மீனிலிருந்து வர வழியில்லை, தூசியிலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது பொலிவெண்ணை ஜான்ஸ்கி அலகுக்கு, அதாவது நமக்கு வந்து சேரும் ஒளியின் அளவைச் சொல்லும் அலகுக்கு, மாற்றுங்கள். பொலிவெண் சுழியம் என்றால் கே பட்டையில் 666.7 ஜான்ஸ்கி, வைஸ் 12 மைக்ரானில் 31.67, 22 மைக்ரானில் 8.36. பொலிவெண்ணை 0.4ஆல் பெருக்கி, குறிமாற்றி, 10இன் அடுக்காக வைத்து இந்த எண்களால் பெருக்கினால் போதும். கிடைப்பது: கே பட்டையில் 0.80 ஜான்ஸ்கி, 12 மைக்ரானில் 0.50, 22 மைக்ரானில் 2.1.

ஒவ்வொன்றையும் மைக்ரானில் அதன் அலைநீளத்தால் (கே பட்டைக்கு 2.16) வகுங்கள். அந்த அலைநீளத்தில் வரும் ஆற்றல் எவ்வளவு என்பதற்கு இது சமமான அளவு. முறையே 0.37, 0.042, 0.095 என வரும். கே-யிலிருந்து 22 மைக்ரான் வரை மடக்கைத் தாளில் ஒரு கோடு போட்டால் சாய்வு ஏறத்தாழ -0.6. சாய்வு 0.3க்கு மேல் என்றால் முதல் வகை. விண்மீன் இன்னும் உறைக்குள் இருக்கிறது. 0.3க்கும் -0.3க்கும் இடையே தட்டை வகை. -0.3 முதல் -1.6 வரை இரண்டாம் வகை. வட்டுள்ள டி டௌரி. அதற்குக் கீழே மூன்றாம் வகை, வட்டு போய்விட்டது. நம்முடையது சந்தேகமில்லாமல் இரண்டாம் வகை.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மூன்று எண்களை மறுபடி பாருங்கள். 0.37இலிருந்து 0.042க்கு மடமடவென்று இறங்கி, பிறகு 0.095க்கு ஏறுகிறது. சாதாரண வட்டில் சூடான தூசியும் குளிர்ந்த தூசியும் தொடர்ச்சியாக இருப்பதால் இறக்கம் சீராக இருக்கும். இங்கே நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. சூடான தூசி இருக்க வேண்டிய உட்பகுதியில் தூசி மிகக் குறைவு என்று அர்த்தம். நூரியா கால்வெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் இந்தப் பள்ளத்தை மாதிரியோடு ஒப்பிட்டு, சுமார் 4 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தூரம் ஓர் அலகு) வரை உள்வட்டு பெருமளவு துப்புரவாகிவிட்டது என்று சொன்னார்கள். அப்போது யாரும் அந்த இடத்தைப் படமாகப் பார்த்திருக்கவில்லை. 2016இல் அல்மா படத்தில் 1 வானியல் அலகு தூரத்தில் ஓர் இருண்ட வளையம் தெரிந்தது. அதற்கும் உள்ளே கொஞ்சம் தூசி மிச்சம் இருந்தது. ஓட்டையின் விவரம் மாறியது, உள்ளே ஏதோ குறைகிறது என்ற முடிவு நின்றது.

இரண்டு எச்சரிக்கைகள். வைஸ் 22 மைக்ரான் பட்டையின் பிரிதிறன் 12 ஆர்க்செகண்டு. பக்கத்தில் இருக்கும் மேகமோ பின்னணி விண்மீன் மண்டலமோ அதற்குள் கலந்துவிடும். பட்டியல் எண்ணை மட்டும் நம்பாமல் படத்தையும் திறந்து, அங்கே புள்ளியாக ஒரு மூலம் தெரிகிறதா என்று பாருங்கள். ரிஷபம், ஓரியன் மேகங்களுக்குள் வேலை செய்தால் இது கட்டாயம். இரண்டாவது, அகச்சிவப்பு உபரி இருப்பதால் மட்டும் ஒரு விண்மீன் இளமையானது ஆகிவிடாது. வேகா விண்மீனைச் சுற்றியும் தூசி இருப்பதை ஐராஸ் செயற்கைக்கோள் 1983இல் கண்டது. அது கோள்துண்டுகள் மோதி உடைந்த சிதைவுத் தூசி. அங்கே வாயுவும் இல்லை, விண்மீனில் எதுவும் பெரிதாக விழுவதும் இல்லை. வித்தியாசம் சொல்ல அடுத்த படி வேண்டும்.

படி 3: பொருள் விழுகிறதா என்று பார்த்தல்

இதற்கு நிறமாலை தேவை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது 656.3 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு.

வட்டு இல்லாத இளம் விண்மீனிலும் இந்தக் கோடு உமிழ்வாகத் தெரியும். அதன் பரப்புக்கு மேலே உள்ள சூடான வாயு அடுக்கான நிறமண்டலம் அவ்வளவு சுறுசுறுப்பானது. ஆகவே கோடு இருக்கிறதா என்பதல்ல கேள்வி, எவ்வளவு வலுவாக, எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதே. பழைய விதி, சமான அகலம் (பக்கத்து ஒளியோடு ஒப்பிட்டுக் கோட்டின் மொத்த வலிமையைச் சொல்லும் அளவு) 10 ஆங்ஸ்ட்ராமுக்கு, அதாவது ஒரு நானோமீட்டருக்கு, மேல் இருந்தால் பொருள் விழுகிறது. வைட், பாஸ்ரி இருவரும் 2003இல் இதை விண்மீனின் வெப்பநிலை வகைக்கு (இங்கே வரும் கே, கே பட்டை அல்ல) ஏற்பப் பிரித்தார்கள்: கே வகையின் முற்பாதிக்கு 3, கே7 முதல் எம்2.5 வரை 10, அதற்கும் சிவந்தவற்றுக்கு 20, 40 என்று ஏறும். டிடபிள்யூ ஹைட்ரே இந்த எல்லைக்கோடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத விண்மீன். அதன் சமான அகலம் 200 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும்.

இதனால்தான் சிறிய கருவிக்கும் இது எட்டுகிறது. விண்மீன் சுமார் 11ஆம் பொலிவெண். எட்டு அங்குலத் தொலைநோக்கியில், கேமராவுக்கு முன் வடிகட்டி போலத் திருகும் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட எளிய கீற்றணியை வைத்தாலே, சிவப்புப் பகுதியில் ஒரு மேடு எழுந்து நிற்பது தெரியும். அலைநீள அளவீட்டுக்கு அதே இரவில் ஏ வகை விண்மீன் ஒன்றின் நிறமாலையையும் எடுத்துவையுங்கள். அதில் ஹைட்ரஜனின் பால்மர் கோடுகள் பள்ளங்களாகத் தெளிவாக விழும்.

ஆனால் அகலத்தை அளக்க இது போதாது. பிரிதிறன் 600 உள்ள, அதாவது அலைநீளத்தில் 600இல் ஒரு பங்கு வேறுபாட்டைத்தான் பிரித்தறியும், நிறமாலைமானியே 656 நானோமீட்டரில் வினாடிக்கு 500 கிலோமீட்டர் வரை எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும். விழும் வாயுவின் வேகமோ அதற்குள் அடங்குகிறது. அகலத்துக்குப் பல ஆயிரம் பிரிதிறன் வேண்டும். அதற்கு ஐரோப்பியத் தெற்கு வானாய்வகக் காப்பகத்தில் பொதுவில் கிடக்கும் நிறமாலைகளை எடுத்துக்கொள்வதே விவேகம். உச்சியின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வரும் இடத்தில் கோட்டின் முழு அகலத்தை வேக அலகில் அளக்க வேண்டும். 270 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பொருள் விழுகிறது என்று கொள்ளலாம்.

அளந்த அகலத்திலிருந்து விழும் வீதத்தையும் கணிக்கலாம். நட்டா குழு 2004இல் தந்த சூத்திரம் எளிது: அகலத்தை 0.0097ஆல் பெருக்கி 12.89ஐக் கழித்தால், ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை விழுகிறது என்பதன் மடக்கை வரும். அகலம் 400 என்றால் விடை -9. அதாவது ஆண்டுக்குச் சூரிய நிறையில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்தச் சூத்திரத்தின் சிதறல் பல மடங்கு என்பதால் ஒரு விண்மீனுக்கு இதை வேத வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. புற ஊதா உபரியை நேரடியாக அளந்த ஆய்வுகள் டிடபிள்யூ ஹைட்ரேவுக்கு நூறு கோடியில் இரண்டு பங்கு அளவில் சொல்கின்றன. கேட்கச் சிறிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் இருபது ஆண்டுக்குள் நம் நிலா அளவு பொருள் உள்ளே போகிறது.

வேறு கோடுகளையும் கவனியுங்கள். 587.6 நானோமீட்டர் ஹீலியம் கோடு விழும் இடத்தின் வெப்பத்தைக் காட்டும், ஆனால் சோடியம் விளக்கு எரியும் ஊரில் 589இல் வரும் தெருவிளக்கு ஒளி அதை ஒட்டியே நிற்கும். 630 நானோமீட்டர் ஆக்சிஜன் கோடு வட்டிலிருந்து வெளியேறும் காற்றின் அடையாளம். நம் வளிமண்டலமும் அதே கோட்டை உமிழ்கிறது. வானப் பின்னணியைச் சரியாகக் கழிக்காத நிறமாலையில் இந்த இரண்டையும் நம்பாதீர்கள்.

படி 4: மாற்றத்தைத் தொடர்தல்

பொருள் சீராக விழுவதில்லை. ஆகவே ஒரே இரவில் எடுத்த அளவு அந்த இரவுக்கு மட்டுமே சொந்தம். பி (நீலம்), வி (பச்சை-மஞ்சள்) வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, ஒரே ஒப்பீட்டு விண்மீன்களை வைத்துக்கொண்டு, வானம் தெளிவான ஒவ்வொரு இரவும் சில படங்கள் எடுங்கள். நீண்ட ஒரே இரவைவிடப் பல இரவுகளில் பதினைந்து நிமிடம் மேலானது.

பொலிவு கூடும்போது விண்மீன் நீலமாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் விழுந்த இடத்தின் சூடு கூடியிருக்கிறது. பொலிவு குறையும்போது சிவந்தால் தூசி மறைக்கிறது என்ற சந்தேகம் வரும். குளிர்ந்த கரும்புள்ளியும் அதைச் செய்யும். டிடபிள்யூ ஹைட்ரேவின் வட்டு நம் பக்கம் முகம் காட்டி இருப்பதால் வெளிவட்டுத் தூசி குறுக்கே வர வாய்ப்பு குறைவு. மாற்றத்தில் பெரும்பங்கு விழும் பொருளுக்கும் புள்ளிகளுக்கும் உரியது. அதனாலேயே பயிற்சிக்கு இது நல்ல விண்மீன்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 2008இல் இந்த விண்மீனைச் சுற்றிச் சுமார் 10 வியாழன் நிறையுள்ள கோள் ஒன்று 3.56 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக அறிவிப்பு வந்தது. விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை நிறமாலை காட்டியது. அதே ஆண்டே இன்னொரு குழு அகச்சிவப்பிலும் அளந்தது. கோள் காரணமாக இருந்தால் எல்லா அலைநீளத்திலும் அசைவு ஒரே அளவில் இருக்க வேண்டும். அகச்சிவப்பில் அது வெகுவாகக் குறைந்துபோனது. விண்மீனின் மேல் இருந்த குளிர்ந்த புள்ளி சுழன்றதுதான் அசைவு போலத் தெரிந்திருக்கிறது. 3.56 நாள் என்பது விண்மீனின் சுழற்சிக் காலம். உங்கள் பொலிவு வரைபடத்திலும் அந்தக் காலத்தைத் தேடலாம். ஒவ்வொரு பருவத்திலும் தெளிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விழும் பொருளின் குழப்பம் பல நேரம் அதை மூழ்கடித்துவிடும்.

அளவுகளை அமெரிக்க மாறும் விண்மீன் கூர்நோக்கர் சங்கமான ஆவ்சோவின் தரவுத்தளத்தில் சேர்த்துவிடுங்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் சேர்க்கலாம். ஹப்பிளின் யுலிசீஸ் திட்டம் திரும்பத் திரும்பப் புற ஊதாவில் கண்காணித்த நான்கு டி டௌரி விண்மீன்களில் இதுவும் ஒன்று. ஹப்பிள் பார்த்த அதே நாட்களில் தரையிலிருந்து எடுத்த பொலிவு அளவு பக்கத்தில் இருந்தால் அந்தத் தரவின் மதிப்பே கூடுகிறது.

படி 5: மில்லிமீட்டர் அலையிலிருந்து தூசியின் எடை

மில்லிமீட்டர் அலைகளில் வட்டின் பெரும்பகுதி ஒளி ஊடுருவும்படி இருக்கும். மேற்பரப்பு மட்டுமல்லாமல் மொத்தத் தூசியும் கணக்கில் வருகிறது. ஆகவே வரும் ஒளியின் அளவு தூசியின் நிறைக்கு நேர் விகிதம்.

செய்முறை: வரும் ஒளியின் அளவைத் தூரத்தின் இருபடியால் பெருக்குங்கள். அதை, தூசியின் ஒளிபுகாமைக் கெழுவையும் அந்த வெப்பநிலையில் ஒரு கரும்பொருள் வீசும் ஒளிச்செறிவையும் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்கள்: 230 கிகாஹெர்ட்ஸில் ஒளிபுகாமை கிராமுக்கு 2.3 சதுர சென்டிமீட்டர், வெப்பநிலை 20 கெல்வின்.

டிடபிள்யூ ஹைட்ரே 1.3 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 0.57 ஜான்ஸ்கி. தூரம் 60 பார்செக். போட்டுப் பார்த்தால் தூசி மட்டும் சுமார் 60 பூமி நிறை. விண்மீன்களுக்கு இடையே உள்ளதுபோல வாயு நூறு மடங்கு என்று எடுத்தால் மொத்த வட்டு 6000 பூமி, அதாவது 19 வியாழன் அளவு.

இந்த விடையில் நீங்கள் அளந்தது ஒன்றே ஒன்று, வந்த ஒளி. மற்றவை அனுமானம். தூசி கூழாங்கல் அளவுக்கு வளர்ந்திருந்தால் ஒளிபுகாமைக் கெழு மாறும். உள்வட்டு அடர்த்தியாக இருந்தால் ஒளி ஊடுருவாது. அங்கே ஒளிந்திருக்கும் தூசி கணக்கில் வராது. நூறு மடங்கு வாயு என்பது எல்லாவற்றையும்விடப் பலவீனமான கண்ணி. ஹெர்ஷெல் விண்தொலைநோக்கி இந்த வட்டில் கனமான ஹைட்ரஜன் மூலக்கூறான ஹைட்ரஜன் டியூட்டிரைடைக் கண்டது. எட்வின் பெர்ஜின் குழு 2013இல் அதை வைத்து வட்டின் நிறை சூரிய நிறையில் இருபதில் ஒரு பங்குக்கும் மேல் என்று கணக்கிட்டது. அது 50 வியாழனுக்கும் அதிகம். ஒரே வட்டு, இரண்டு வழி, இரண்டரை மடங்கு வித்தியாசம். வட்டின் நிறை என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள்.

படி 6: இப்போது படம்

60 பார்செக்கில் ஒரு வானியல் அலகு என்பது 17 மில்லி ஆர்க்செகண்டு. அல்மாவின் அலைவாங்கிகளை அதிகபட்சம் 16 கிலோமீட்டர் வரை பரப்பி, 0.87 மில்லிமீட்டரில் பார்த்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம். டிடபிள்யூ ஹைட்ரேவில் அதைத்தான் செய்தார்கள்.

அல்மா அறிவியல் காப்பகத்தில் விண்மீன் பெயரைத் தேடுங்கள். தரவு, கூர்நோக்கிய குழுவின் கையில் சேர்ந்து ஓர் ஆண்டு கழிந்ததும் பொதுவுடைமை ஆகிவிடும். தொடக்கக்காரர்கள் மூலத் தரவைத் தொடாமல், தயாராக இருக்கும் ஃபிட்ஸ் படக்கோப்பை மட்டும் இறக்கி கார்ட்டா அல்லது டிஎஸ்9 மென்பொருளில் திறந்தால் போதும்.

முதலில் வெற்று வானத்தில் ஒரு பெட்டி போட்டு இரைச்சலின் அளவை எடுங்கள். அதைப்போல ஐந்து மடங்குக்குக் கீழே இருக்கும் எந்தப் புள்ளிக்கும் பெயர் வைக்காதீர்கள். அடுத்து, படத்தின் ஒரு மூலையில் வரைந்திருக்கும் நீள்வட்டம், அதாவது கற்றை. அதைவிடச் சிறிய எதையும் அந்தப் படம் காட்டாது. மொத்த ஒளியை எடுக்கும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. படத்தில் இருக்கும் எண்கள் ஒரு கற்றைக்கு இத்தனை ஜான்ஸ்கி என்ற அலகில் இருக்கின்றன. புள்ளிகளை வெறுமனே கூட்டினால் விடை பல மடங்கு பெருத்துவிடும். கற்றை 0.10க்கு 0.08 ஆர்க்செகண்டு, படப்புள்ளி 0.01 என்றால், 1.133ஐ இரண்டு அச்சுகளாலும் பெருக்கி, புள்ளியின் பரப்பால் வகுத்தால் ஒரு கற்றைக்குள் 91 புள்ளி. கூட்டுத்தொகையை 91ஆல் வகுக்க வேண்டும். வந்த விடை 5ஆம் படியில் இருந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அலைநீளம் வேறு என்றால் அதற்கேற்ப மாறும். ஒரே அலைநீளத்தில் விடை வெகுவாகக் குறைந்தால், அலைவாங்கிகள் வெகுதூரம் பரவியிருந்ததால் அகன்று பரந்த மங்கலான ஒளி தவறிப்போயிருக்கலாம்.

பிறகு மையத்திலிருந்து வளையம் வளையமாகச் சராசரி எடுத்து வரைபடம் போடுங்கள். வட்டு முகம் காட்டி இருப்பதால் சாய்வுத் திருத்தம் கிட்டத்தட்ட தேவையில்லை. மையத்தை ஒட்டிய பள்ளம், 24 வானியல் அலகில் ஒன்று, 41 பக்கம் ஒன்று என்று வரும். மில்லிமீட்டர் தூசி 60, 70 வானியல் அலகோடு முடிந்துவிடுகிறது.

பள்ளம் எல்லாம் கோளா? இதே வட்டில் கார்பன் மோனாக்சைடு உறையும் பனிக்கோடு 30 வானியல் அலகு பக்கம் இருப்பதை 2013இல் அல்மா காட்டியது. பனிக்கோடுகள், காந்த விளைவுகள், தூசி தானாகக் குவியும் அழுத்த மேடுகள் என்று வளையம் உண்டாகப் பல வழிகள் உள்ளன. கோளை நேரடியாகப் பார்த்த நல்ல உதாரணம் பிடிஎஸ் 70 விண்மீன்: 2018இல் ஒன்று, 2019இல் இன்னொன்று. அங்கே கோள்களே ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் ஒளிர்கின்றன, அவையும் பொருளை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த அளவுச் சான்று கிடைக்கும் வரை இடைவெளியை இடைவெளி என்றே சொல்வோம்.

ஹப்பிளும், ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் விஎல்டி தொலைநோக்கியில் உள்ள ஸ்ஃபியர் கருவியும் எடுத்த படங்களை இதோடு ஒப்பிட்டால் முதலில் குழப்பம் வரும். அவற்றில் இதே வட்டு 200 வானியல் அலகு வரை போகிறது. முரண் இல்லை. அவை காட்டுவது மேற்பரப்பில் மிதக்கும் நுண்தூசி விண்மீன் ஒளியைச் சிதறடிப்பதை. பெரிய துகள்கள் நடுத்தளத்தில் படிந்து உள்நோக்கி நகர்ந்துவிட்டன. ஹப்பிள் படங்களில் ஒரு நிழல் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருவதாக 2017இல் தெரிவித்தார்கள்; 2021 படங்களில் இரண்டாவது நிழலும் தெரிந்தது. வெளிவட்டில் எந்தப் பொருளும் அவ்வளவு வேகமாகச் சுற்ற முடியாது. உள்ளே சற்றே சாய்ந்திருக்கும் வட்டுப் பகுதி வெளியே விழவைக்கும் நிழல் அது என்பதே இப்போதைய விளக்கம்.

அடுத்து எந்த விண்மீன்

டிடபிள்யூ ஹைட்ரேவை முடித்தவர்களுக்கு மே மாதத்தில் ஆர்யூ லூப்பி. தெற்கே 38 பாகை, தமிழ்நாட்டிலிருந்து உச்சத்தில் 40 பாகை உயரம், பொருள் விழும் வீதம் பல மடங்கு அதிகம், மாற்றமும் முரட்டுத்தனமானது. மார்கழி, தை மாதங்களில் ரிஷபத்தில் பிபி டௌ, பக்கத்திலேயே ஜிஎம் ஔரிகே. ஜிஎம் ஔரிகேவின் அகச்சிவப்பு வரைபடத்திலும் 2ஆம் படியில் பார்த்த பள்ளம் உண்டு; எண்களை நீங்களே எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஏஏ டௌ 2011இல் இரண்டு பொலிவெண் அளவு மங்கியது. தூசி குறுக்கே வந்தால் நிறம் எப்படி மாறும் என்று படிக்க அதன் பழைய தரவு உதவும், ஆனால் இப்போதைய பொலிவுக்கு எட்டு அங்குலம் திணறும். பச்சோந்தி மண்டலத்து விண்மீன்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். நம் ஊர்களிலிருந்து அவை அடிவானத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகைதான் எழும். அவற்றுக்குக் காப்பகம் மட்டுமே வழி.